கிட்டிலிருந்து ஸ்டவுட்: தாளை எங்கே மீற வேண்டும்

ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை வீட்டிலேயே செய்ய விற்கும் கிட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பவை மூன்றுதான். 1.7 கிலோ எடையில் ஒரு டின், அதன் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் சின்னதாக ஓர் ஈஸ்ட் பாக்கெட், மடித்து வைத்த ஒரு செய்முறைத் தாள். டின்னில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈஸ்ட் சுமார் ரகம். வம்பு அந்தத் தாளில்தான். ஒரு கிலோ சர்க்கரை சேர், 23 லிட்டர் வரை தண்ணீர் ஊற்று, 25 டிகிரி இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வாரத்தில் பாட்டிலில் அடைத்துவிடலாம் என்கிற தோரணையில்தான் பல தாள்கள் இருக்கும். அப்படியே செய்தால் பீர் வரும், குடிக்கவும் முடியும். ஆனால் அதை ஸ்டவுட் என்று சொல்ல நாக்கு கூசும். சர்க்கரை, தண்ணீர், வெப்பநிலை, நாள் கணக்கு என்ற நான்கு இடங்களில் தாளை மீறிவிட்டால் அதே டின்னிலிருந்து வேறொரு பானம் கிடைக்கும்.

அதற்கு முன் சட்டம். ‘காய்ச்சுவது’ என்ற சொல்லே நம் காதில் சாராய வாடையோடுதான் விழும். இது வடித்தெடுப்பது அல்ல, நொதிக்க விடுவது மட்டும். ஆனாலும் எல்லா இடத்திலும் இதற்கு அனுமதி இல்லை. பிரிட்டனில் 1963-இல்தான் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை என்றானது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் 1978-இல் திருத்தப்பட்டது. சில நாடுகளில் இத்தனை லிட்டர் என்று வரம்பு உண்டு, சில இடங்களில் குற்றமே. உங்கள் இடத்து நிலவரத்தைப் பார்த்துவிட்டு டின்னைத் திறங்கள்.

டின்னுக்குள் இருப்பது என்ன?

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். அந்தச் சாற்றில் கசப்புக்காக ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்து, பிறகு நீரை வற்றவைத்தால் கிடைப்பது இந்தக் கெட்டியான மால்ட் பாகு. அதாவது பீர் ஆலையில் அரை நாள் ஆகும் வேலை டின்னுக்குள் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. நீங்கள் செய்வது அதை மறுபடி தண்ணீராக்கி, ஈஸ்ட்டிடம் ஒப்படைத்து, அது வேலை செய்யும்போது தொந்தரவு கொடுக்காமல் இருப்பது.

கறுப்பு நிறமும் காபி போன்ற மணமும் கருக வறுத்த தானியத்தால் வருபவை. 1817-இல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை எரித்துவிடாமல் கறுக்க வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். கொஞ்சம் கருமால்ட் போட்டாலே பீர் முழுவதும் கறுத்துவிடும் என்பது அதன் பிறகுதான் சாத்தியமானது. ‘ஸ்டவுட்’ என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் நிறத்தோடு சம்பந்தமே இல்லை, காட்டமானது என்றுதான் அர்த்தம். லண்டனின் போர்ட்டர் பீரில் காட்டமான வகையை ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்றார்கள். பிறகு போர்ட்டர் உதிர்ந்து அடைமொழி மட்டும் நின்றுவிட்டது.

தேவையான சாமான்கள்

25 முதல் 30 லிட்டர் கொள்ளும், மூடியுள்ள உணவுத் தர பிளாஸ்டிக் வாளி வேண்டும். இதுதான் ஃபெர்மென்டர். மூடியில் பொருத்த, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஓர் ஏர்லாக், அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டரும் அதற்கான உயரமான குவளையும், வாளியின் வெளியே ஒட்டும் வெப்பமானி, சைஃபன் குழாய், நீளமான கரண்டி. பாட்டிலில் அடைக்கும் நாளுக்கு இன்னொரு வாளி, 500 மில்லி பாட்டில்கள் 40, கிரவுன் மூடிகள், அவற்றை அழுத்திப் பொருத்தும் கருவி. எதையாவது தவிர்த்துச் சிக்கனம் பண்ண நினைத்தால் ஏர்லாக்கைத் தவிருங்கள். மூடியை லேசாகத் தளர்த்தி வைத்தாலே வாயு வெளியேறிவிடும். ஹைட்ரோமீட்டரை மட்டும் தவிர்க்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், அதில் கண்ணாடிச் சில்லுகள் வரும்.

கழுவுவதும் கிருமி நீக்குவதும் ஒன்றல்ல

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் போக்குவது கழுவுதல். அதற்குச் சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் போதும். வாளியின் உட்புறத்தைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், கீறல்தான் பாக்டீரியா குடியிருக்கும் இடம். கண்ணுக்குத் தெரியாததைக் கொல்வது அடுத்த வேலை. பாஸ்பாரிக் அமிலத்தில் செய்த, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கிகள் இதற்கென்றே உண்டு. ஸ்டார் சான் என்றால் லிட்டருக்குச் சுமார் 1.5 மில்லி, ஓரிரு நிமிடம் நனைந்திருந்தால் போதும். வாளியில் மிஞ்சும் நுரையைப் பார்த்துப் பயந்து குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண். நுரை இருக்கட்டும், பீரை அது ஒன்றும் செய்யாது.

ப்ளீச் பயன்படுத்துபவர்கள் நன்றாக அலசியே ஆக வேண்டும். அதை எந்த அமிலத்தோடும் கலக்கவே கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

பீரைத் தொடப்போகும் எல்லாமே இந்தக் கரைசலில் நனைய வேண்டும். ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல், டின்னைத் திறக்கும் கருவி எல்லாம் சேர்த்துத்தான். ஒரு தெளிப்பானில் கொஞ்சம் கரைசலை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை நடுவே கை தவறிய கரண்டியையும் காப்பாற்றிவிடலாம்.

மீறல் ஒன்று: சர்க்கரை. மீறல் இரண்டு: தண்ணீர்

வெறும் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும். ஆல்கஹால் மிஞ்சும், பீரின் உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், மிஞ்சாது. லேசான வெளிர் பீருக்கு அது ஒத்துவரலாம். வாயில் கனமாக உட்கார வேண்டிய ஸ்டவுட்டுக்கு ஆகாது. அந்த ஒரு கிலோவுக்குப் பதில் ஒரு கிலோ கருமையான மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பொடி போடுங்கள். மால்ட்டில் ஈஸ்ட்டால் செரிக்க முடியாத சர்க்கரைகளும் கொஞ்சம் உண்டு. நாக்கில் தெரியும் கனம் அவற்றால்தான். கூடவே 300 கிராம் பழுப்புச் சர்க்கரை சேர்த்தால் லேசான வெல்லப்பாகு வாசம் வரும். அதற்கு மேல் வேண்டாம்.

தண்ணீரை 23 லிட்டருக்குப் பதில் 20 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு பாட்டில் குறையும். குறையட்டும். மேலே சொன்ன அளவுகளுக்கு 20 லிட்டரில் தொடக்க ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரை 1 என்று வைத்து ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி, 1.050-ஐ ஒட்டி வரும். முடிவில் 1.013 வாக்கில் நின்றால், வித்தியாசமான 0.037-ஐ 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 4.9 சதவீதம் என்று தெரிந்துவிடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மால்ட்டோடு சேர்ந்து மருந்துக்கடை வாசனையைக் கிளப்பும். கொதிக்க வைத்து ஆறவைத்தால் குளோரின் போய்விடும், அதற்குப் பதில் சில ஊர்களில் கலக்கும் குளோரமைன் லேசில் போகாது. இரண்டுக்கும் சேர்த்து மருந்து கேம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரை. ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்கு என்பதால் நமக்குக் கால் அல்லது அரை மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் வேலை முடிந்தது.

டின்னை மட்டும் நம்பாமல் கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் ஒரே ஒரு கூடுதல் வேலை சொல்வேன். 200 கிராம் வறுத்த பார்லியை ஒன்றிரண்டாக உடைத்து மெல்லிய துணிப்பையில் கட்டி, 2 லிட்டர் தண்ணீரில் 65 முதல் 70 டிகிரியில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். தானியத்தோடு கொதிக்க விட்டால் துவர்ப்பு இறங்கிவிடும். பையை எடுத்துச் சொட்ட விடுங்கள், பிழிய வேண்டாம். பிறகு அந்தக் கறுப்பு நீரை மட்டும் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள், ஏனென்றால் தானியத்தின் மேல் லாக்டிக் பாக்டீரியா ஏராளமாக இருக்கும். கிட் ஸ்டவுட்டில் பெரும்பாலும் குறைவது அந்த வறுத்த புத்துணர்ச்சிதான். அது இந்த அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஓட்ஸை இப்படி ஊறவைத்துப் பயனில்லை. அதன் மாவுச்சத்தை உடைக்க மால்ட்டின் நொதி வேண்டும்.

காய்ச்சும் நாள்

டின்னின் லேபிளை உரித்துவிட்டு வெந்நீரில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள், பாகு இளகி எளிதாக இறங்கும். ஃபெர்மென்டரில் 2 லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள். பார்லி ஊறவைத்திருந்தால் அந்தக் கறுப்பு நீரே போதும். அதில் மால்ட் பொடியையும் சர்க்கரையையும் முதலில் கரையுங்கள். பொடியைக் கொதிநீரின் ஆவியில் காட்டினால் பாக்கெட்டுக்குள்ளேயே கட்டியாகிவிடும், அதனால் ஒரே மூச்சில் கொட்டிவிடுங்கள். கட்டி தட்டினாலும் கவலை இல்லை, தானே கரையும். அப்புறம் டின்னில் உள்ள பாகு. ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கி எடுத்துவிடுங்கள். டின் பாகு ஏற்கெனவே ஹாப்ஸ் சேர்த்தது, மறுபடி கொதிக்க வைக்கத் தேவையில்லை.

இனி குளிர்ந்த தண்ணீரை உயரத்திலிருந்து சலசலவென்று ஊற்றி 20 லிட்டர் கோடு வரை கொண்டுவாருங்கள். பெருகுவதற்கு ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் தேவை. பீரைச் சிலும்பவிட அனுமதி இந்த ஒரு தடவைதான். கடைசி நாலைந்து லிட்டருக்குக் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரைப் பயன்படுத்தினால் 20 டிகிரிக்குச் சுலபமாக இறக்கிவிடலாம். கொஞ்சம் எடுத்து ஹைட்ரோமீட்டரில் அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அளந்த பீரைத் திருப்பி வாளியில் ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். இனிப்பும் கசப்புமாக இருக்கும்.

வெப்பநிலை 25 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே ஈஸ்ட். சூட்டில் போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும், அல்லது தாறுமாறாக வேலை செய்யும். டின்னோடு வரும் பாக்கெட்டில் பெரும்பாலும் 5 முதல் 7 கிராம்தான் இருக்கும். எத்தனை மாதம் எந்தச் சூட்டில் கிடந்ததோ தெரியாது. நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனியாக வாங்கிய 11 கிராம் ஏல் ஈஸ்ட்டை (ஸ்டவுட்டும் சேரும் ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்) தூவுவேன். நாட்டிங்ஹாம், எஸ்-04 இரண்டும் ஸ்டவுட்டுக்குப் பொருந்தும். மேலே பரவலாகத் தூவி மூடிவிடுங்கள். கலக்க வேண்டியதில்லை.

மீறல் மூன்று: வெப்பநிலை

ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி சுகமான இடம். நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும் என்பதால் வாளிக்குள் அறையைவிட மூன்று நாலு டிகிரி கூடுதலாக இருக்கும். அறையில் 22 என்றால் உள்ளே 25, 26. அந்தச் சூட்டில் வாழைப்பழ வாசனையும், தொண்டையைப் பிடிக்கும் கரைப்பான் நெடியும் வரும். முக்கியமானது முதல் மூன்று நான்கு நாள்தான். பின்னால் ஏறினால் பெரிய சேதமில்லை.

தனியாகக் குளிர்சாதனப் பெட்டி ஒதுக்க முடியாதவர்களுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. வாளியை அகலமான தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, துணியின் நுனி தண்ணீரில் தொங்கும்படி விட்டு, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். காலையும் மாலையும் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் மாற்றினால் நாலைந்து டிகிரி இறங்கும். அறையே 30-க்குக் கீழே இறங்காத இடத்தில் இருப்பவர்கள் சூட்டோடு சண்டை போடாமல் ஈஸ்ட்டை மாற்றிவிடலாம். நார்வேப் பண்ணை வீடுகளில் வழிவழியாக வந்த க்வெய்க் வகை ஈஸ்ட், அதிலும் வோஸ், 35 டிகிரியிலும் கெட்ட வாசனை இல்லாமல் வேலை செய்யும். அதில் மெல்லிய ஆரஞ்சு வாசம் உண்டு, ஸ்டவுட்டின் வறுவல் மணத்துக்கு அது உறுத்தாது.

மீறல் நான்கு: நாள் கணக்கு

ஒரு நாளுக்குள் மேலே பழுப்பு நுரை திரளும். மூடியைத் தள்ளுமளவுக்குக் கிளம்பினால் ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைக் கிருமிநீக்கிக் கரைசல் உள்ள பாத்திரத்தில் விடுங்கள். மூன்று நான்கு நாளில் நுரை அடங்கும், ஏர்லாக் மௌனமாகும். இங்கேதான் தாள் உங்களை அவசரப்படுத்தும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். நொதித்தலில் உண்டான பச்சை ஆப்பிள் நெடியையும் வெண்ணெய் வாசனையையும் ஈஸ்ட்டே திரும்பத் தின்று துப்புரவு செய்வது இந்த இரண்டாவது வாரத்தில். இரண்டு வாரம் முழுதாக விட்டுவிடுங்கள்.

ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, மூடி சரியாகப் பொருந்தாமல் கசிந்திருக்கலாம். குமிழி வருகிறது என்பதற்கும் அர்த்தமில்லை, அறை சூடேறினால் கரைந்திருந்த வாயு கிளம்பும். ஹைட்ரோமீட்டர் சொல்வதுதான் உண்மை. பத்தாம் நாளுக்குப் பிறகு அளந்து, இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து, எண் அசையவில்லை என்றால்தான் முடிந்தது. அந்த எண் 1.012-க்கும் 1.016-க்கும் நடுவே இருக்கும். மால்ட் பாகில் செய்யும் பீர் சில நேரம் 1.020-இலேயே நின்றுவிடும். வாளியை இரண்டு டிகிரி சூடான இடத்துக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல் மெதுவாகச் சுழற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

என் முதல் ஸ்டவுட்டில் குமிழி நின்ற எட்டாம் நாளே அடைத்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நடுராத்திரி அலமாரிக்குள் சத்தம். ஒன்று வெடித்து, அது பக்கத்து இரண்டையும் உடைத்து, கதவைத் திறந்தபோது சட்டைகளெல்லாம் கறுப்பாக நனைந்திருந்தன. மிச்சமிருந்தவற்றைக் கனத்த கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை விட்டேன். கண்ணாடிச் சில் கதவின் உட்புறப் பலகையில் பதிந்திருந்ததைப் பார்த்த பிறகு ஹைட்ரோமீட்டர் இல்லாமல் எதையும் அடைத்ததில்லை.

பாட்டிலில் அடைப்பது

பாட்டிலுக்குள் வாயு உண்டாக ஈஸ்ட்டுக்கு மறுபடி கொஞ்சம் சர்க்கரை தர வேண்டும். ஸ்டவுட்டுக்கு லிட்டருக்கு 5 கிராம் போதும், அதாவது 20 லிட்டருக்கு 100 கிராம். தாளில் 8 கிராம் என்றிருந்தால் அது லேகர் போலச் சுறுசுறுவென்று குத்தும் பீருக்கு. ஸ்டவுட்டில் அவ்வளவு வாயு இருந்தால் வறுவலின் கசப்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

சர்க்கரையை ஒரு குவளைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து இரண்டாவது வாளியில் ஊற்றுங்கள். சைஃபன் குழாயின் வெளிவாய் இந்த இரண்டாவது வாளியின் அடியைத் தொடும்படி வைத்து, பீரைச் சத்தமில்லாமல் அதன்மேல் இறக்குங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள், வாயில்தான் கிருமி. இப்போது பீர் சிலும்பினால் ஆக்சிஜன் ஏறி ஈர அட்டை வாசனை வந்துவிடும். முதல் வாளியின் அடியில் படிந்த ஈஸ்ட் சேறு அங்கேயே கிடக்கட்டும். மெதுவாக ஒரு சுற்றுக் கலக்கி, கிருமி நீக்கிய பழுப்பு பாட்டில்களில், மேலே மூன்று விரல் இடம் விட்டு நிரப்பி மூடிவிடுங்கள். திருகுமூடி போட்ட மெல்லிய கண்ணாடி பாட்டில் வேண்டாம். ஓரிரண்டைப் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் நிரப்புவது நல்லது. அமுக்கிப் பார்த்தால் வாயு ஏறியதா என்று கையே சொல்லிவிடும்.

இரண்டு வாரம் 20 டிகிரி வாக்கில் இருட்டில். அப்புறம் குளிர்ச்சியான மூலையில் குறைந்தது ஒரு மாதம். மூன்றாவது வாரத்தில் ஒன்றைத் திறக்காமல் உங்களால் இருக்க முடியாது, திறங்கள். கரி போலக் கரகரப்பாக இருக்கும், ஏமாற்றமாகவும் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் அதே பாட்டில் சாக்லேட்டாக மாறியிருக்கும்.

ஊற்றும்போது

10 முதல் 13 டிகிரி போதும். உறையும் குளிரில் வறுவல் மணம் எதுவும் மூக்குக்கு எட்டாது. கடையில் ஊற்றித் தரும் கின்னஸில் அலை அலையாக இறங்கி நிற்கும் அந்தப் பட்டு நுரையை உங்கள் பாட்டிலில் தேடாதீர்கள். அது நைட்ரஜன் கலந்த வாயுவின் வேலை. வீட்டு பாட்டிலில் இருப்பது வெறும் கரியமில வாயு, அதனால் நுரை பழுப்பாக, கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும்.

அடுத்த தடவை மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் 300 கிராம் லாக்டோஸைக் கொதிநீரிலேயே சேருங்கள். பாலிலுள்ள அந்தச் சர்க்கரையை ஈஸ்ட்டால் தொட முடியாது, இனிப்பு அப்படியே நிற்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறவைத்து வடித்த காபியை அடைக்கும் நாளில் ஒரு குவளை ஊற்றலாம். இரண்டையும் ஒரே வாளியில் முயலாதீர்கள், எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக ஊற்றுங்கள், நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் அடியிலுள்ள ஈஸ்ட் கலங்கிவிடும். கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே நிறுத்திவிட்டு, குவளையைத் தொடும் முன் பாட்டிலை மூன்று தடவை அலசிக் கவிழ்த்து வையுங்கள். காய்ந்துவிட்டால் அந்த ஈஸ்ட்டைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.